நிபுணர் ஏறாத படிகள்

பாக்கியலெட்சுமி கதிரையில் உட்கார மறுத்துவிட்டாள். பதுளைக் கடைத்தெருவில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன அறைக்குள் வந்ததிலிருந்து கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். இத்ரூஸ் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

இத்ரூஸ் இருபத்திரண்டு வருடம் பொலிஸில் இருந்து, சார்ஜன்டாக விலகியவர். தனியாகத் துப்பறியும் தொழிலைத் தொடங்கி ஐந்து வருடமாகியும், களவுபோன மாடும் சொல்லாமல் போய்விட்ட மாப்பிள்ளைமாரும்தான் அவரைத் தேடி வரும் விவகாரங்கள். இது அப்படிப்பட்டதல்ல. மூன்று உயிர் போயிருந்தது. அதில் இரண்டு, பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகள்.

லுணுகலைப் பாதையில் ஒரு மணித்தியாலம் பஸ்ஸில் போனால் மாவெலித்தென்னை. அந்த ஊர்ப் பட்டின சபையின் தண்ணீர்த் தொட்டிக்குக் காவலாளி, பாக்கியலெட்சுமியின் புருஷன் பொன்னையா. போன மாதம் ஊரில் தண்ணீரால் பரவும் நெருப்புக் காய்ச்சல் வந்து அந்த மூன்று பேரும் செத்தபோது, தொட்டிக்கு மருந்து போடாமல் விட்டதால்தான் நோய் வந்தது என்று பொலிஸ் அவனைப் பிடித்து விளக்கமறியலில் வைத்தது. திங்கட்கிழமை வழக்கு. அன்று வியாழன்.

“இவங்க வேலைக்குப் போகாம இருந்தாங்கன்னு புஸ்தகமே இருக்காம்” என்றாள் பாக்கியலெட்சுமி.

புஸ்தகம் என்று அவள் சொன்னது, பொன்னையாவின் சட்டத்தரணி கொடுத்தனுப்பிய ரோனியோப் பிரதி. நாற்பது பக்க ஆங்கில அறிக்கை. சபை உறுப்பினர்களை அரசாங்கம் வீட்டுக்கு அனுப்பிய பிறகு, விசேட ஆணையாளர் ஒருவர்தான் அந்தச் சபையை நடத்திவந்தார். சபையில் எத்தனை ஆள் தேவை, எத்தனை ஆள் மிச்சம் என்று பார்த்துச் சொல்ல அவர் கொழும்பிலிருந்து ஒரு ஆலோசனைக் கொம்பனியை அமர்த்தினார். கொம்பனி நிபுணர் ஒருவரை அனுப்பி நேரில் பார்த்ததாகவும், பதினான்கு தொழிலாளர்கள் மிச்சம் என்று கண்டதாகவும் அறிக்கை சொன்னது. சித்திரை முடிவதற்குள் பதினான்கு பேரையும் நிறுத்தினார்கள். ஆனியில் காய்ச்சல் வந்தது.

பொன்னையாவுக்கு எதிராகப் பொலிஸ் நம்பியிருந்தது ஒன்பதாம் பக்கத்தை. இத்ரூஸ் அதை அவளுக்குத் தமிழில் சொன்னார். பங்குனி ஒன்பது, பத்து, பதினொன்று ஆகிய மூன்று நாளும் நிபுணர் காலையிலேயே தொட்டிக்குப் போனார். பதினொரு படி ஏறி மேலே போனபோது கதவு பூட்டியிருந்தது. காவலாளியை மூன்று நாளும் அங்கே காணவில்லை.

அவள் தலையைத் தூக்கினாள்.

“ஏழு படிதாங்க.”

இத்ரூஸ் பேப்பரிலிருந்து கண்ணை எடுத்தார்.

தினமும் பகல் சோறு கொண்டுபோவது அவள்தான். ரெண்டு வருஷத்துக்கு முந்திய பெருமழையில் மண் சரிந்து, கீழ்ப்பக்கம் நாலு படி அடியோடு போய்விட்டதாம். அந்த இடத்தில் பாதையையே உயர்த்திக் கல் போட்டிருக்கிறார்களாம். சோத்துச் சட்டியோடு ஏறுகிறவளுக்குப் படிக் கணக்கு பிழைக்காது என்று சொல்லிவிட்டு, பெரிய மனிதர்களைக் குறை சொல்லிவிட்டோமோ என்ற பயத்தோடு இத்ரூஸையும், மூலையில் இருந்த அவருடைய உதவியாளன் வீரசிங்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வீரசிங்கம் சத்தமில்லாமல் எழுந்து குடையை எடுத்தான். லுணுகலைப் பக்கத் தோட்டமொன்றில் ஒப்பீஸ் கிளாக்கராக இருந்தவன். துரையின் நாய்க்கும் பெரட்டு இடாப்பில் பெயர் பதிந்து சம்பளம் போட்டால் அதன் தீனிச் செலவாவது துரைக்கு மிச்சமாகும் என்று துரை காதுபடச் சொல்லி அந்த வேலையைத் தொலைத்தவன். இத்ரூஸிடம் சேர்ந்த பிறகும் வாய் குறையவில்லை.

“வாங்க நானா, படி எண்ணப் போவோம்” என்றான். “எனக்குத் தெரிஞ்ச கணக்கு அது ஒண்ணுதான்.”

மூவரும் மாவெலித்தென்னையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது இரண்டு மணியிருக்கும். வடிகான்கள் கறுத்துத் தேங்கிக் கிடந்தன. சந்தைக்குப் பின்னால் குப்பை மலையாகியிருந்தது. அதை அள்ள வேண்டிய பதினான்கு பேரில் மூவர் எதிர்க் கடையின் ஓரத்தில், எந்த வேலையும் இல்லாத மனிதர்கள் நிற்கும் விதமாக நின்றார்கள். சபை கொடுத்த லயத்து வீட்டை இம்மாத முடிவில் விட்டுவிட வேண்டும் என்று அவர்களுக்கு அறிவித்தல் வந்திருப்பதாக பாக்கியலெட்சுமி சொன்னாள். அவளுக்கும் வந்திருந்தது.

தொட்டிக்குப் போகும் பாதை தேயிலைக்கு நடுவே செங்குத்தாக ஏறியது. படிகள் ஏழுதான். கடைசிப் படியின் கீழே பாசி பிடித்த கற்கள், அதற்கும் கீழே சரிந்த மண்ணில் மானாப்புல் ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. நேற்றோ முந்தாநாளோ நடந்த சரிவல்ல என்று பார்த்தவுடனே தெரிந்தது.

“நிபுணர் நாலு படி காத்துல ஏறியிருக்காரு” என்றான் வீரசிங்கம். “அதுதான் அவரு நிபுணரு, நாம இப்படி இருக்கோம்.”

இத்ரூஸ் சிரிக்கவில்லை. படி ஏழு என்பதால் நிபுணர் வரவில்லை என்று சொல்லலாம். ஆனால் வராதவருக்குப் பதினொன்று என்ற எண் எங்கிருந்து கிடைத்தது? பொய் சொல்கிறவன் படிகள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவான். பதினொன்று என்று சொன்னவனுக்குப் பதினொரு படி இருந்த காலம் தெரிந்திருக்கிறது.

சபை அலுவலகத்தில் பிரதம இலிகிதர் புவாத் அவர்களை வரவேற்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. ஐம்பது வயதைக் கடந்த, எதையும் எழுத்தில் கேட்கிற மனிதர். இத்ரூஸ் பழைய படிகளைப் பற்றிக் கேட்டதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அலுமாரியைத் திறந்து ஒரு ஃபைலை இழுத்தார். அதன் தூசி மேசை முழுவதும் விழுந்தது.

ஐந்து வருடத்துக்கு முந்திய ஃபைல். அப்போது சபைக்கு ஷுக்ரி என்று ஒரு ஓவர்சியர் இருந்தார். தண்ணீர், வடிகான், வீதி எல்லாம் அவர் பொறுப்பு. அவர் கையால் வரைந்த தொட்டிப் படம் அதிலே இருந்தது. பதினொரு படி, ஒவ்வொன்றின் உயரத்தோடும். படத்துக்குப் பின்னால் சபைக்கு அவர் எழுதிய கடிதம். இருக்கிற ஆட்கள் போதாது, இன்னும் பதினான்கு பேரையாவது எடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

வீரசிங்கம் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். “அதே பதினாலு. எடுக்கச் சொன்னத நிறுத்தச் சொல்லிட்டாங்க. காப்பியடிக்கிறவன் ஒழுங்காவாவது அடிக்க வேணாமா?”

அந்தக் கடிதத்துக்கு என்ன ஆனது என்று இத்ரூஸ் கேட்டார். ஆட்களை எடுக்கவில்லை என்றார் புவாத். அடுத்த வருடம் ஓவர்சியர் பதவியையே இல்லாமலாக்கிவிட்டார்கள். ஷுக்ரியை வீட்டுக்கு அனுப்பினார்கள். தொட்டிக்கு அந்தக் காலத்தில் மூன்று பேர். ஒருவர் செத்துப்போனார், ஒருவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார். இரண்டு இடத்துக்கும் ஆள் போடவில்லை. பொன்னையா ஒருவன் மிஞ்சினான். பதினான்கு பேரும் போனபிறகு காலையில் அவனைக் குப்பை லொறியிலும் ஏற்றினார்கள். எல்லாம் வாய்ச்சொல் உத்தரவு.

இந்த ஃபைலைக் கொம்பனிக்குக் கொடுத்தது யார் என்று இத்ரூஸ் நேராகவே கேட்டார்.

புவாத்தின் முகம் இறுகியது. “இது இந்த அலுமாரிய விட்டு வெளிய போகல்ல. வெளிய போனா என்ட கையெழுத்து இருக்கும். இல்ல.”

பஸ்ஸுக்கு நடக்கும்போது, அந்த மனிதர் பயத்தில் பொய் சொல்கிறார் என்று இத்ரூஸ் வீரசிங்கத்திடம் சொன்னார். கொம்பனி இந்த ஃபைலைத் திருடியோ வாங்கியோ எடுத்து, தலைகீழாக்கி, தன் அறிக்கை என்று கொடுத்திருக்கிறது. அதை நிரூபிக்க நல்ல சாட்சி ஒன்றுதான் உண்டு. தன்னுடைய எழுத்தைப் பறிகொடுத்த ஷுக்ரி. அவர் இப்போது தெமோதரையில் மகளோடு இருப்பதாக புவாத்தே சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை ரயிலில் போனார்கள். ஜும்ஆத் தொழுகைக்கு முன் திரும்பிவிடலாம் என்பது இத்ரூஸின் எண்ணம். ஸ்டேஷனுக்கு மேலே, கொய்யா மரங்களுக்கு நடுவே இருந்த தகர வீட்டை விசாரித்துக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. ஓவர்சியர் என்று கேட்டால் எல்லாருக்கும் தெரிந்தது.

ஷுக்ரி ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்தார். மெலிந்த, நேர்த்தியாக உடுத்திய மனிதர். மகள் ஜெனீராவிடம் தேத்தண்ணி போடச் சொன்னார். தன்னைத் தேடி ஆட்கள் வந்தது அவருக்கு எவ்வளவு சந்தோஷம் என்பது, அவர் கதிரைகளைத் துடைத்த விதத்திலேயே தெரிந்தது. அவருடைய மேசையில் பென்சில்கள் நீளத்தின்படி அடுக்கப்பட்டிருந்தன.

வீரசிங்கம் சும்மா பேச்சுக்குப் போல, மாவெலித்தென்னைத் தொட்டிக்கு எத்தனை படி என்று கேட்டான்.

“பதினொண்டு” என்றார் ஷுக்ரி. “ஒவ்வொரு கல்லும் நான் நிண்டு வெப்பிச்சது.”

இத்ரூஸுக்கு மனம் லேசானது. விஷயத்தைச் சொன்னார். பொன்னையா தொட்டியில் இருக்கவில்லை என்று பொலிஸ் சொல்கிறது, அவனை வேலைக்கு எடுத்தவர் நீங்கள், திங்கட்கிழமை வந்து அவனைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டார். கொம்பனியைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை.

ஷுக்ரி பொன்னையாவின் பேரைக் கேட்டதுமே நிலத்தைப் பார்த்தார். அவன் பிடிபட்ட செய்தி பேப்பரில் வந்ததாகவும் தான் அதை நம்பவில்லை என்றும் சொன்னார். அவனைப் போல ஒரு தொழிலாளி சபைக்குக் கிடைக்கமாட்டான் என்றார். பிறகு கோபம் வந்ததுபோல் குரல் உயர்ந்தது.

“மூணு நாள் ஆளக் காணல்ல எண்டதுக்காக ஒருத்தனக் கொலகாரன் ஆக்க ஏலுமா?”

வீரசிங்கத்தின் கை பாதி வழியில் கோப்பையோடு நின்றது. வெளியே ஒரு எஞ்சின் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அது அடங்கும்வரை இத்ரூஸ் காத்திருந்தார்.

“மூணு நாள் எண்டு நான் சொல்லல்லியே” என்றார்.

அந்த அறிக்கை பேப்பரில் வரவில்லை. கொம்பனியிடமும் ஆணையாளரிடமும் பொலிஸிடமும் நீதிமன்றத்திடமும் சட்டத்தரணியிடமும் தவிர வேறு எங்கும் அது இல்லை. பிஸ்கட் தட்டோடு உள்ளே வந்த ஜெனீராதான், எதுவும் அறியாமல், பேச்சு எதைப்பற்றி என்று ஊகித்துக்கொண்டு சொன்னாள்.

“வாப்பா அந்தக் கொழும்புக் கொம்பனி வேலக்கி நேர்ல போகல்ல. மாசில விழுந்து கால் ஒடஞ்சு, பங்குனி முழுக்கக் கட்டுப் போட்டுக் கெடந்த. அதுதான் வீட்டிலேயே எழுதிக் குடுத்த. நான்தான் டைப் பண்ணின.”

இத்ரூஸ் பொலிஸில் இருந்த காலத்தில் எத்தனையோ குற்றவாளிகளின் முகம் உடைந்ததைப் பார்த்திருக்கிறார். இந்த முகத்தைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. புவாத் உண்மையைத்தான் சொல்லியிருந்தார். ஃபைல் அலுமாரியை விட்டு வெளியே போகவில்லை. அது இந்த மனிதரின் தலைக்குள் இருந்தது.

ஷுக்ரி மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். இனி இப்படி ஒரு பதவி தேவையில்லை என்று ஒரு வரியில் எழுதி அவரை அனுப்பியிருந்தார்கள். நாலு வருடம் அவரிடம் ஒருவரும் எதையும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் கொழும்புக் கொம்பனியின் கார் ஸ்டேஷன் வரைக்கும் வந்தது. இறங்கி வந்தவர்கள் அவரை நிபுணர் என்று அழைத்தார்கள். அதே சபை, அதே தொட்டி, அதே வடிகான். அவரை வேண்டாம் என்றவர்கள் இப்போது அவருடைய சொல்லைக் கேட்கக் கொம்பனியை அமர்த்தியிருக்கிறார்கள். இந்தத் தடவை கேட்பார்கள் என்று அவர் நம்பினார். கால் உடைந்திருந்ததைச் சொன்னால் வேறு ஆளைத் தேடுவார்கள் என்று பயந்து, மூன்று நாள் நேரில் போய்ப் பார்த்ததாகக் கையெழுத்து வைத்தார்.

அப்படியானால் ஊர் நிலவரம் எப்படித் தெரிந்தது என்று இத்ரூஸ் கேட்டார்.

“பொன்னையா சொன்னான்” என்றார் ஷுக்ரி.

பழைய ஓவர்சியருக்குக் கால் முறிந்தது என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னையா பஸ்ஸும் ரயிலும் ஏறி வந்திருக்கிறான். ஒரு சீப்பு ஆனைவாழைப்பழமும் கொண்டுவந்திருக்கிறான். அவருடைய கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறான். ஊற்று, குழாய், தொட்டி, மூன்றையும் தனி ஆளாகப் பார்ப்பதாகவும், தொட்டியில் நிற்க நேரமே கிடைப்பதில்லை என்றும் மனம்விட்டுச் சொல்லியிருக்கிறான். நிபுணர் இவர்தான் என்பது இன்றுவரை அவனுக்குத் தெரியாது. படி போனதை மட்டும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

“நான் அவனக் காட்டிக் குடுக்கல்ல” என்றார் ஷுக்ரி. “ஜெனீரா, அத எடுத்துக் குடு.”

அவள் உள்ளே போய் ஒரு கார்பன் பிரதியைக் கொண்டுவந்தாள். பதினெட்டுப் பக்கம். இத்ரூஸ் ஜன்னலோரம் போய் நின்று வாசித்தார். வீரசிங்கமும் கூடவே வாசித்தான். ஷுக்ரி எழுதியதில் பதினான்கு பேர் பற்றாக்குறை. கொம்பனி அச்சிட்டதில் பதினான்கு பேர் மிச்சம். தொட்டிக் காவலாளியால் தொட்டியில் இருக்க முடியாதபடி மூன்று இடத்து வேலையும் அவன் தலையில் விழுந்திருக்கிறது என்று ஷுக்ரி எழுதியிருந்தார். மூன்று நாளும் காவலாளியைக் காணவில்லை என்று கொம்பனி எழுதியது. கடைசிப் பக்கத்தில் இருந்த ஒரு வசனம் கொம்பனியின் அறிக்கையில் எங்கேயும் இல்லை. ஆட்களை இன்னும் குறைத்தால் இந்த ஊருக்கு நெருப்புக் காய்ச்சல் வருவது நிச்சயம் என்று பங்குனி மாதமே எழுதப்பட்டிருந்தது.

அச்சடித்த அறிக்கை கையில் கிடைத்தபோது ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று இத்ரூஸ் கேட்டார். வைகாசியில்தான் கிடைத்தது, அப்போது ஆட்களை நிறுத்தியாகிவிட்டது என்றார் ஷுக்ரி. ஊவாவிலுள்ள மற்றச் சபைகளுக்கும் தன்னையே நிபுணராகப் போடப்போவதாகக் கொம்பனி எழுதியிருந்ததாம். வாய் திறந்தால் நேரில் போனதாகச் சொன்ன பொய் முதலில் வெளிவரும். பிறகு பிள்ளைகள் இறந்த செய்தி வந்தது. அதற்குப் பிறகு வாயைத் திறக்கவே பயமாக இருந்தது.

ஜெனீரா தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றாள். தான் டைப் செய்த தாள்கள் என்ன செய்திருக்கின்றன என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

“வாப்பா, திங்கக்கெழம நானும் ஒங்களோட வாறேன்” என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

பொய்யான உறுதிமொழிக்கு அவர்மேலும் வழக்கு வரலாம் என்பதை இத்ரூஸ் மறைக்கவில்லை. ஷுக்ரி தலையை ஆட்டினார். ரயிலுக்கு இறங்கும்போது, எதிரியைத் தேடிப் போய் ஒரு நல்ல மனுஷனைப் பிடித்துவிட்டோமே என்று மட்டும் வீரசிங்கம் சொன்னான்.

திங்கட்கிழமை நீதிமன்றத்தில் காரியம் அரைமணி நேரத்தில் முடிந்தது. ஷுக்ரி ஊன்றுகோலைச் சாட்சிக்கூண்டில் சாய்த்துவிட்டு, தான் போகவில்லை, பார்க்கவில்லை, எழுதியது வேறு என்று சொன்னார். நீதவான் இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பொன்னையாவை விடுவித்தார். ஷுக்ரியிடம் பொலிஸ் வாக்குமூலம் எடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். கொம்பனி சார்பில் ஒருவரும் வரவில்லை.

சபைப் பதிவேடுகளோடு புவாத் வந்திருந்தார். முற்றத்தில் அவரிடம் இத்ரூஸ் மன்னிப்புக் கேட்டார். புவாத் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நிறுத்திய பதினான்கு பேரைத் திரும்ப எடுப்பார்களா என்று கேட்டதற்கு, முதல் அறிக்கை சரியா பிழையா என்று பார்க்க ஆணையாளர் இன்னொரு ஆலோசனைக் கொம்பனியை அமர்த்தப் போகிறார், அது முடியும்வரை எந்த இடத்துக்கும் ஆள் போடுவதில்லை என்று, விஷயம் சட்டத்தரணி மூலம் அவருக்கு எட்டியதும், சனிக்கிழமையே தந்தி வந்துவிட்டதாகச் சொன்னார்.

“அப்ப மூணாவது கொம்பனிக்கு இப்பவே சொல்லி வச்சிருங்க” என்றான் வீரசிங்கம்.

பொன்னையா வெளியே வந்தான். சட்டை தோளில் தொங்கியது. பாக்கியலெட்சுமி அவன் கையைப் பிடித்ததும் ஒரு நிமிடம் நின்றான். பிறகு ஷுக்ரியிடம் நேராகப் போய், கால் எப்படி இருக்குங்க என்று விசாரித்தான். பொன்னையா அவருடைய கையைத் தொட்டுவிட்டு, புவாத்தின் பக்கம் திரும்பினான்.

“ஐயா, நான் உள்ள இருந்த இந்தப் பத்தொன்பது நாளும் தொட்டிக்கு யாருங்க மருந்து போடுறது?”

புவாத் பதிவேட்டைக் கைமாற்றிப் பிடித்தார். வேலையிலிருந்து இடைநிறுத்திய ஆளின் இடத்துக்கு வேறு ஆளைப் போடக்கூடாது என்று கொம்பனியின் அறிக்கையிலே இருந்தது. அதனால் ஒருவரையும் போடவில்லை என்றார்.

ஐந்து நாளாக இந்த வழக்கைத் தோண்டிக்கொண்டிருந்தவர் இத்ரூஸ். யார் பொய் சொன்னது, எந்த வரி மாறியது என்று எல்லாம் கேட்டார். இந்தக் கேள்வி ஒரு தடவைகூட அவர் மனதில் எழவில்லை.

பொன்னையா மருந்து இருக்கும் ஸ்டோரின் சாவியைக் கேட்டான். அவன் இன்னும் இடைநிறுத்தத்தில் இருப்பவன், ஆணையாளரின் கடிதம் இல்லாமல் சாவி கொடுக்க முடியாது, அவர் வியாழக்கிழமைதான் கொழும்பிலிருந்து வருவார் என்று புவாத் சொன்னார். சொல்லி முடித்தபிறகும் அதே இடத்தில் நின்றார். அவருடைய கை பைக்குள் போனது. சாவிக்கொத்தை வெளியே எடுத்து, நகத்தால் வளையத்தைப் பிரித்து, ஒரு சாவியைக் கழற்றி பொன்னையாவின் உள்ளங்கையில் வைத்தார்.

பொன்னையா பஸ் ஸ்டாண்டை நோக்கி நடக்கத் தொடங்கினான். நடை ஓட்டமாக மாறியது. அவனுடைய துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாக்கியலெட்சுமி பின்னாலே போனாள்.

புவாத் பதிவேட்டை நீதிமன்றச் சுவர்மேல் வைத்துத் திறந்தார். மாவெலித்தென்னைத் தொட்டிக்கு இன்று முதல் பொன்னையா என்பவரை வேலைக்கு அமர்த்தியிருக்கிறேன், பொறுப்பு என்னுடையது என்று எழுதினார். மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தையும் போட்டார். பத்து நாற்பது. கையெழுத்து வைத்துவிட்டு, பேனையை இத்ரூஸிடம் நீட்டினார்.

“சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும்” என்றார்.

இத்ரூஸ் கையெழுத்திட்டார். அவருக்குக் கீழே வீரசிங்கமும் தன் முழுப் பெயரையும் எழுதினான்.